கூரத்துச் செப்பேடும் ‘பார்த்திபன் கனவு’ம்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகளை 1890-ல் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அச்சேற்றினார். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கொடைச் சாசனம் அது. அவனுடைய பாட்டன் நரசிம்மவர்மன், புறமுதுகிட்ட சாளுக்கிய மன்னன் புலிகேசியின் முதுகையே ஏடாக்கி ‘வெற்றி’ என்று எழுதினான் என்கிறது அந்தச் சாசனம். செப்பேட்டுக் கவிஞருக்கும் நாடகம் தெரிந்திருக்கிறது!

அதே நரசிம்மவர்மனுக்குக் குந்தவி என்றொரு மகளைக் கற்பனையில் தந்து, சோழ இளவரசன் விக்கிரமன்மேல் காதல்கொள்ள வைத்தார் கல்கி, ‘பார்த்திபன் கனவு’ நாவலில். 1960-ல் அது படமானது. இயக்கம் டி. யோகானந்த். ஜெமினி கணேசன் விக்கிரமன், வைஜெயந்திமாலா குந்தவி, எஸ்.வி. ரங்காராவ் பல்லவச் சக்கரவர்த்தி.

படத்தின் பெரிய குறை அந்த ரங்காராவ்தான். நாவலில் மாறுவேடத்தில் வரும் சிவனடியார் யார் என்ற புதிர் வாசகரைக் கடைசிவரை இழுத்துச் செல்லும். திரையிலோ எத்தனை சடைமுடி வைத்தாலும் அந்த உடல்வாகும் குரலும் மறையுமா? முடிச்சு முன்பே அவிழ்ந்துவிடுகிறது.

ஆனாலும் படம் சலிக்கவில்லை. மகளின் காதலுக்கும் அரச நீதிக்கும் நடுவே நிற்கும் தகப்பனை ரங்காராவ் அத்தனை கனிவாகக் காட்டுகிறார். வேதாவின் இசையில் ஏ.எம். ராஜாவும் பி. சுசீலாவும் பாடிய காதல் பாட்டு இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்கே.

மறுபடி கூரத்துக்கு வருவோம். அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று தனிப்பங்கு ஒதுக்கியவன் பரமேசுவரவர்மன். படம் பார்ப்பவர்கள் அவன் பெயரில் கூரத்திலுள்ள தூங்கானை மாடக் கற்றளியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.