கைவினைஞரின் பொறுப்பும் ஆகிலாவும்

சாயமிடக் கொடுத்த துணி கெட்டுப்போகிறது. அறுவை செய்யும் மருத்துவரின் கை பிசகுகிறது. இழப்பை ஏற்பவர் யார்? தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என இன்று வழங்கும் ஏற்பாட்டின் அடிப்படை வினா இதுவே. நம் ஃபிக்ஹு மேதைகள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர்.

கூலிக்குப் பொருளைப் பெற்ற தொழிலாளி ‘அமீன்’, அதாவது நம்பகர் என்பது பொதுவிதி. தம் தவறின்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ், மறைவு கி.பி. 767) இதையே கொண்டார்கள், ஆயினும் தொழிலாளியின் செயலாலேயே பொருள் கெட்டால் அவர் பொறுப்பாளி என்றார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) இன்னும் கண்டிப்புக் காட்டினர்: ஊரெரித்த தீ போன்ற தவிர்க்கவியலாக் காரணமிருந்தாலன்றி ஈடு கட்டாயம் என்றனர்.

இக்கண்டிப்பின் காரணத்தை கிரனடாவின் இமாம் ஷாத்திபீ (ரஹ், மறைவு கி.பி. 1388) விளக்கியுள்ளார்கள். மக்களுக்குக் கைவினைஞர் இன்றியமையாதவர். ஆனால் ஒப்படைத்த பொருள் உடையவரின் கண்ணுக்கு மறைவாகவே இருக்கிறது. பொறுப்பில்லையெனில் அசட்டையும் பொய்யும் பெருகும். அல்லது மக்கள் கைவினைஞரை நாடுவதையே விட்டுவிடுவர்.

அவ்வாறாயின், நேர்மையாகத் தொழில் செய்தும் தவறியவரின் நிலை என்ன? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே இழப்புக்குப் பொறுப்பு என நபிமொழி கூறுகிறது. தேர்ந்த மருத்துவரின் கை தவறினால் அதுவும் ஈட்டுக்குரியதே, ஆனால் அத்தொகை தியத்தின் மூன்றிலொரு பங்கை எட்டினால் அவருடைய ‘ஆகிலா’ அதைச் சுமக்கும் என்கிறார்கள் இப்னுல் கய்யிம் (ரஹ், மறைவு கி.பி. 1350).

ஆகிலா என்பது தவறுதலாக நேர்ந்த உயிர், உறுப்பு இழப்புக்கான ஈட்டைக் கூடிச் சுமக்கும் குழு. தொடக்கத்தில் அது குலத்தாரைக் குறித்தது. உமர் (ரலி) அவர்கள் அதைத் திவான் பதிவேட்டில் இடம்பெற்றோர்மீது அமைத்தார்கள். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ (ரஹ், மறைவு கி.பி. 1197) மேலும் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்கள்: ஒரு கூட்டத்தார் தொழிலின் அடிப்படையில் ஒருவருக்கொருவர் துணை நிற்பாராயின், அத்தொழிலாரே அவர்களின் ஆகிலா. உறவின் இடத்தில் தொழில் வந்து நின்றது!

எனினும் இரண்டு எல்லைகளை நாம் மறத்தலாகாது. ஆகிலா பொருளிழப்பைச் சுமப்பதில்லை; சாயக்காரர் தம் பணத்திலிருந்தே ஈடு தந்தார். வேண்டுமென்றே இழைத்த தீங்கையும் அது சுமப்பதில்லை.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தை விலக்கி, ஒத்துதவும் கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக ஏற்றது. தக்காஃபுல் எனும் அம்முறையில் நம் மருத்துவரும் பொறியாளரும் மின்பணியாளரும் ஒன்றுகூடுவாராயின், ஹிதாயாவின் அவ்வரி ஏட்டிலிருந்து நடைமுறைக்கு வரும். பிழையின் சுமையைப் பகிரலாம். கவனத்தின் கடமையைப் பகிர்ந்தளிக்க இயலாது. அது ஒவ்வொருவரின் கையிலும் உள்ள அமானிதம்.