சுளகும் சுவாசமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரி அடங்கிய தென்காசிச் சீமையில், திண்ணைகளில் அமர்ந்து, மடியில் சுளகை ஏந்தி, கத்தரித்த இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டிப் பீடியாக்கும் ஸ்திரீகளின் ஜீவனம் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அவர்களுக்கென்று 1966-இல் சட்டம் பிறந்த பின்னும், புகையிலைத் தூள் கிளப்பும் இருமலுக்கு முதல் வைத்தியம் கஷாயந்தான். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் எழுந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியோ, இங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர்.

இருமும் க்ஷயரோகிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாமென்று சென்னை ஆராய்ச்சி 1959-இல் நிரூபித்தது மகத்தான காரியம். ஆனால் நுரையீரல் புற்று அதே இருமலை வேஷமாகப் பூண்டு வருவதால், க்ஷய மாத்திரையிலேயே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன், கடும் புகைப்பழக்கமுள்ளோரிடையே இப்புற்றால் நேரும் மரணத்தை 20 சதவீதம் குறைக்குமென்று 2011-இல் அமெரிக்கப் பரிசோதனை காட்டிற்று. அந்த யந்திரத்தைத் தேடி ராயகிரிக்காரர் பஸ் ஏறத்தான் வேண்டும்.