ஷாத்தோ கயார் கோட்டையும் பெத்தி ஆந்தெலியும்

ஷாத்தோ கயார், வட பிரான்சின் நார்மாண்டியில் செய்ன் ஆற்றின் வளைவையொட்டி, சுமார் 90 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை முகட்டில் அமைந்த இடைக்காலக் கோட்டை. அடிவாரத்தில் உள்ள பெத்தி ஆந்தெலி, கோட்டையோடு சேர்த்து எழுப்பப்பட்ட ஆற்றங்கரை ஊர்.

தோற்றம்

இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் நார்மாண்டியின் கோமகனும் ஆவார். அவர் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த 1193இல், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் எல்லைக் கோட்டையான ஜிசோரைக் கைப்பற்றினார். நார்மாண்டியின் தலைநகர் ரூவானுக்குச் செல்லும் ஆற்றுவழியைக் காக்க, ரிச்சர்ட் 1196இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். நிலம் ரூவான் பேராயருக்கு உரியது. அவர் எதிர்ப்புத் தெரிவித்து நார்மாண்டி முழுவதும் திருச்சபைச் சடங்குகளை நிறுத்திவைத்தார். 1197இல் தியெப் துறைமுகம் உள்ளிட்ட உடைமைகளை ஈடாகப் பெற்றபின் இணங்கினார். 1198க்குள் பணி பெருமளவு முடிந்தது. செலவு ஏறத்தாழ 12,000 பவுண்டு.

அமைப்பு

பாறையைக் குடைந்த அகழிகள் கோட்டையின் பகுதிகளைப் பிரித்தன. உள்மதிலின் வெளிப்புறம் அடுத்தடுத்த அரைவட்டப் புடைப்புகளால் ஆனது. எறியப்படும் கற்களின் தாக்கத்தை இவ்வடிவம் குறைத்தது. கீழே ஆற்றுத்தீவில் ஒரு காவலரண், ஆற்றின் குறுக்கே மரத்தடுப்பு, கரையில் மதில் சூழ்ந்த ஊர் ஆகியவையும் இதே காவல் திட்டத்தைச் சேர்ந்தவை.

முற்றுகை

ரிச்சர்ட் 1199இல் இறந்தார். அவர் தம்பி ஜான் ஆட்சியில், 1203இல் பிலிப் முற்றுகையிட்டார். ஊர் முதலில் வீழ்ந்தது; மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தனர். உணவு குறையவே, தளபதி ரோஜர் டி லேசி போரிட இயலாதவர்களை வெளியேற்றினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பின்னர் வழியை மறித்தது. எஞ்சியோர் இரு படைகளுக்கும் இடையே குளிரில் சிக்கினர். பலர் பட்டினியால் மாண்டனர். 1204 மார்ச் 6 அன்று கோட்டை வீழ்ந்தது. ஜூனில் ரூவானும் சரணடைய, நார்மாண்டி பிரெஞ்சு அரசின் வசமானது.

பிற்காலம்

1314இல் பிரெஞ்சு இளவரசர் லூயியின் மனைவி மார்கரெட் இங்கே சிறைவைக்கப்பட்டார். நூறாண்டுப் போரில் பலமுறை கைமாறிய கோட்டை, 1449இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கலகக்காரர்களுக்கு அரணாகிவிடக் கூடாதென, பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1599இல் இதை இடிக்க ஆணையிட்டார். கப்புச்சின் துறவிகள் தம் மடத்துக்காக இதன் கற்களை எடுத்துச் சென்றனர். 1862இல் கோட்டை பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாயிற்று.

பெத்தி ஆந்தெலி இன்று லே ஆந்தெலி நகரின் பகுதி. கோட்டைக் காலத்தை ஒட்டித் தோன்றிய புனித மீட்பர் தேவாலயம் அங்கே உள்ளது.