நான் பாதி மட்டும் சொல்லிக் கொடுத்த பாடம்

என்னிடம் வேதியியல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. "பிளாஸ்டிக் எதோடும் சேராது, மட்காது என்பது ஒன்றுதான் அதன் குறை" என்று வருஷக்கணக்காக வகுப்பில் சொன்னேன். அது பாதிதான் சரி. மீதியை உலகம் தெரிந்துகொண்ட கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1907-இல் லியோ பேக்லண்ட் பேக்கலைட்டை உருவாக்கினார். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாலித்தீனும் பிவிசியும் வீட்டுக்குள் வந்தன. பிவிசி சூட்டில் சிதையாமலிருக்க ஈய உப்பு, பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காட்மியம் நிறமி, வளைந்து கொடுக்க தாலேட் என்று பலதும் சேர்த்தார்கள். ஆக, சில பிளாஸ்டிக்குகள் பிறக்கும்போதே உலோகத்தோடு பிறந்தவை. நம் நாட்டில் பிவிசி குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2021-இல்தான் வந்தது.

1972-இல் எட்வர்ட் கார்பென்டரும் கே. எல். ஸ்மித்தும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு, அமெரிக்கக் கரையோரத்தில் கார்பென்டர் குழு எடுத்த பாலிஸ்டைரீன் உருண்டைகளில் பிசிபி என்ற நச்சு இருந்தது. கடல்நீரிலிருந்து ஏறியது அது. 2004-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ரிச்சர்ட் தாம்சனின் கட்டுரைக்குப் பிறகு 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற பெயர் பரவியது.

பிசிபி தண்ணீரை வெறுக்கும் பொருள், பிளாஸ்டிக்கில் ஒட்டுவது இயல்பு. ஆனால் தண்ணீரில் கரைந்த ஈய அயனி, மின்னூட்டமில்லாத பிளாஸ்டிக்கில் ஏன் ஒட்ட வேண்டும்? ஒட்டாது என்றே நானும் நினைத்தேன்.

இத்தனைக்கும் துப்பு ஆய்வகத்திலேயே இருந்தது. தண்ணீரில் உலோகம் பார்க்க மாதிரி எடுத்தால், பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இது எனக்கும் தெரியும். ஆனால் கடலே ஒரு பெரிய பாட்டில் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே பிளிமத்தில் ஆண்ட்ரூ டர்னர் குழு, கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக் குருணைகளில் உலோகங்கள் ஒட்டியிருப்பதை 2010-இல் காட்டியது. 2012-இல் இன்னொன்றும் தெரிந்தது: புதிய குருணையைவிடப் பழையது அதிகம் பிடிக்கிறது. வெயிலில் மேற்பரப்பு வெடிக்கிறது, சேர்த்த ரசாயனங்கள் கசிகின்றன, ஆக்சிஜன் ஏறி எதிர்மின்னூட்டம் வருகிறது. மேலே பாசியும் இரும்புத் துருவும் படிகின்றன. நேர்மின்னூட்டமுள்ள உலோகத்துக்கு அது வசதியான இடம். 2014-இல் செல்சி ராக்மன் குழு, சான் டியாகோ விரிகுடாவில் ஐந்து வகை பிளாஸ்டிக்கை ஓராண்டு ஊறவைத்தது. பெரும்பாலும் நாளாக நாளாக உலோகம் ஏறிக்கொண்டே போனது.

2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அதன் குருணைகள் நம் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்தன. அன்று வெள்ளை வெளேரென்று கிடந்தவற்றை அள்ளினார்கள். மணலில் தப்பியவை இன்று மஞ்சளாகிக்கொண்டிருக்கும். ஆபத்து கூடுவது இனிமேல்தான்.

அமிலம் பட்டால் ஒட்டிய உலோகம் பிரியும். குருணையை இரையென்று விழுங்கும் பறவையின் இரைப்பையில் இருப்பதும் அமிலம்தான்.

பிள்ளைகளே, பழைய நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் சும்மா கிடப்பதில்லை.