வேடந்தாங்கல் கரையில்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் குழந்தைகளும் பெரியவர்களும் நிதானமாக நடக்கலாம். நான் முதலில் தேடுவது நத்தைகுத்தி நாரையை. அலகை மூடினாலும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நீர்க்காகமும் கரண்டிவாயனும் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருக்கும்.

இவற்றை முதலில் காத்தது ஊர்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு வேட்டைக்குத் தடை வாங்கினார்கள். 1858இல் அந்த உரிமையை மறுபடியும் எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக எரு வேண்டாம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய அறிவு! அரசு இதைச் சரணாலயமாக்கியது 1936இல்தான்.

மார்கழி, தையில் போங்கள். கரையில் மட்டும் சத்தம் போடாதீர்கள்.