ஏட்டில் ஏறாத வெக்கை

தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு பெண் பெரியவளான நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தார்கள். ஜோதிடர் அந்த நேரத்தைக் கொண்டு ருது ஜாதகம் கணித்தார். தாய்மாமன் சீரோடு நடந்த சடங்கில் ஊருக்கே செய்தி தெரிந்தது. பாளையங்கோட்டையைச் சுற்றி 19-ம் நூற்றாண்டில் வளர்ந்த கிறிஸ்தவ சபைகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்தன. 1899-ல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் எழுத வைத்தது. பிற்பாடு கர்ப்பிணிக்கு அட்டை வந்தது. இன்று அவளுக்குப் பிக்மி என்ற பதிவு எண்ணும் இருக்கிறது. இத்தனை ஏடுகள் இருந்தும், 46 வயதுக்காரி ஒருத்தி நடுராத்திரியில் வெக்கையில் வேர்த்து வடிய எழுந்து உட்காருவதைச் சொல்ல அவற்றில் ஒரு வரி கிடையாது. உலா நூல்களில் வரும் ஏழு பருவங்களும் அப்படித்தான்: பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில், 40 வயதில், நின்றுவிடுகின்றன. பூப்பையும் பேற்றையும் கணக்கில் வைத்த சமூகம் தூரம், அதாவது மாதவிடாய், நின்ற பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அந்த வெக்கை மருத்துவத்தின் கண்ணில் படாமல் போனதற்கு மருந்தில்லாமையைவிட இந்தப் பதிவின்மையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

உலகக் கணக்கும் இதில் முந்திக்கொள்ளவில்லை. பாரிஸ் நகரப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவர் ஜாக் பெர்த்தியோன் 1893-ல் முன்வைத்த பட்டியல்தான் இன்றைய ஐசிடி எனும் உலகளாவிய நோய்க் குறியீடுகளுக்கு மூலம். அது சாவின் காரணங்களுக்கான பட்டியல். யாரையும் கொல்லாத ஒரு தொல்லைக்கு அதில் வேலையில்லை. 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வந்த ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் முறையாக இடம்பெற்றன. 1990-ல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் மாதவிடாய் நிற்கும் காலத்து முகச்சிவப்பு, உறக்கமின்மை, தலைவலி, கவனக்குறைவு எல்லாம் என்95.1 என்ற ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது. பதிவேட்டுப் பிரிவில் குறியீட்டு எண் போடுபவர் தாமாக எதையும் ஊகிக்கக் கூடாது. டாக்டர் எழுதியதற்குத்தான் எண் தர முடியும். ‘படபடப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆர்00.2. ‘தலைசுற்றல்’ என்றால் ஆர்42. ‘தூக்கமின்மை’ என்றால் ஜி47.0. வெறும் ‘முகச்சிவப்பு’ என்றால் ஆர்23.2. ஒருத்தியின் ஒரே துன்பம் நாலு எண்களில் சிதறிக் கிடக்கும்; ஆண்டுக் கணக்கில் அவளை யாராலும் திரும்பக் கூட்டி எடுக்க முடியாது. ‘மாதவிடாய் நிற்கும் பருவத்தில்’ என்ற சில சொற்களைக் கேஸ் ஷீட்டில் சேர்த்தால் அத்தனையும் ஓரிடத்துக்கு வந்துவிடும்.

நம் மருத்துவத்தில் இதற்கு ஏற்கெனவே மொழி உண்டே, வெளிநாட்டு எண் எதற்கு என்று கேட்கலாம். அகத்தியர் பெயரோடு சேர்த்தே பேசப்படும் பொதிகையில் பிறக்கிற ஆற்றின் கரையில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-லும் தொடங்கின. ஓராண்டு இடைவெளியில் ஒரே ஊரில் இரண்டு மருத்துவ மொழிகள் வேரூன்றின. சித்த மருத்துவரின் எண்வகைத் தேர்வில் நாடியும் ஸ்பரிசமும் உண்டு. உடம்பின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, பித்தத்தின் ஏற்றமாக அதைப் படிக்கும் முறை நுட்பமானது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பெண் இரண்டு வாசல்களிலும் சீட்டு வாங்கினால் ஒன்றில் பித்தம், இன்னொன்றில் படபடப்பு. இரண்டையும் ஒரே கதையாக வாசிக்க வழியில்லை. 2024 ஜனவரியில் டெல்லியில் வெளியான ஐசிடி-11-இன் இரண்டாம் பாரம்பரிய மருத்துவத் தொகுதி ஆயுர்வேதம், சித்தா, யுனானி மூன்றுக்கும் எண் தந்தது. நவீன மருத்துவத்தின் எண்ணும் சித்த மருத்துவத்தின் எண்ணும் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். இந்த ஏற்பாட்டால் அதிகம் பயன்பெறக்கூடிய ஊர்களில் பாளையங்கோட்டை முதல் வரிசையில் இருக்கிறது.

இயற்கையாக வருவதற்கு நோய் எண் கொடுப்பது பெண்ணை நோயாளியாக்குவது ஆகாதா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கர்ப்பமும் இயற்கைதான். அதற்கு ஐசிடியில் ஒரு முழு அத்தியாயமே உண்டு. அட்டை போட்டுக் கவனித்ததால் எந்தத் தாயும் சிறுமைப்படவில்லை. நம் பெண்களுக்கு இந்த வெக்கை அதிகம் இல்லை, மூட்டுவலிதான் அதிகம் என்பாரும் உண்டு. ஜப்பானியப் பெண்களிடம் இது குறைவாகச் சொல்லப்படுகிறது என்றும், இதற்கென்றே தனிச்சொல் அவர்கள் மொழியில் இல்லை என்றும் மானுடவியலாளர் மார்கரெட் லாக் 1993-ல் எழுதினார். அவர் அந்த முடிவுக்கு வந்தது பெண்களிடம் நேரில் கேட்டு. கேட்காத இடத்தில், எழுதாத ஏட்டை வைத்துக்கொண்டு, இங்கே இல்லை என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. தமிழிலும் ‘உடம்புச் சூடு’ என்ற ஒரே சொல் வெயிலுக்கும் கோழிக்கறிக்கும் இதற்கும் பொதுவாக நிற்கிறது. எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ராத்திரி வேர்வை நம் நாட்டில் காசநோயின் அறிகுறியும்கூட. தைராய்டு மிகுந்தாலும் படபடப்பும் வேர்வையும் வரும். வயதை மட்டும் பார்த்து என்95.1 போட்டுவிட்டால் அதுவும் பிழைதான். விசாரித்தது என்ன, விலக்கியது எது என்று எழுதியிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பதிவின்மைக்கு உடம்பே ஒரு காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தூரம் தன்னை அறிவித்துக்கொண்டு வருகிறது. கடைசித் தூரம் கடைசி என்று அன்றைக்குத் தெரியாது; 12 மாதம் வராமல் போன பிறகே திரும்பிப் பார்த்துச் சொல்ல முடியும். அதைச் சொல்லப் பழைய சீட்டு கையில் இருக்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வும் பெண்களை 49 வயதோடு விட்டுவிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அடிக்கடி வெக்கை வந்த பெண்களில் பாதிப்பேருக்கு அது ஏழாண்டுக்கு மேல் நீடித்ததாக 2015-ல் வெளியான அமெரிக்க ‘ஸ்வான்’ ஆய்வு காட்டியது. அதாவது துன்பத்தின் ஒரு பகுதி கணக்கெடுப்பவர் எழுந்து போன பிறகு நடக்கிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் வெக்கை திடீரென்று கடுமையாக வரும், அதற்கு என்95.3 என்று தனி எண் உண்டு. அறுவை நடந்ததைச் சீட்டில் எழுதாவிட்டால் அந்த வேறுபாடும் போய்விடும். கடைசித் தூரம் எப்போது என்ற கட்டம் மகளிர் பிரிவின் கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, கர்ப்பமா என்று அறிவதற்காக. 48 வயதுக்காரிக்கும் அதே கட்டம்தான். அதில் தேதியும், பக்கத்தில் வெக்கை பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை என்றும் எழுத இடம் போதும்.