கியெப் பாக் ஆலய விழாவும் வீர வழிபாட்டின் வர்க்கத் தளமும்

வடவியட்நாமில் லுக் தௌ ஆற்றங்கரையிலுள்ள கியெப் பாக் ஆலயத்தில், சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதம் 20ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் பெருவிழா நிகழ்கின்றது. 1300ஆம் ஆண்டில் அந்நாளில் மறைந்த தளபதி திரான் ஹுங் தாவுக்குரிய விழா அது. 1285இலும் மீண்டும் 1287-88இலும் மங்கோலியப் படைகளை முறியடித்தவர் அவர். பாக் டாங் ஆற்றுப்படுகையில் கூரிய மரக்கம்பங்களை நாட்டி, நீர் வற்றும் வேளையில் பகைக்கலங்களைச் சிக்கவைத்த 1288ஆம் ஆண்டுப் போர் அவரது புகழின் உச்சம். எட்டாம் மாதத்தைத் தந்தையின் திதிக்குரிய மாதமென்றே மக்கள் வழங்குவர்.

இத்'தந்தை' யாருடைய தந்தை? இவ்வினாவை வரலாற்றாசிரியர் எளிதிற் கடந்துவிடுகின்றனர். அவர் அரச குலத்தவர். பெரும் பண்ணைக்கும் அடிமைகளுக்கும் உடையவர். படைத்தலைவர்களுக்கு அவர் விடுத்த புகழ்பெற்ற அறைகூவலை நாம் ஊன்றி வாசித்தல் வேண்டும். பகைவன் வென்றால் தமது மானிய நிலம் மட்டுமன்றி அவர்தம் வருவாயும் பறிபோகும் என்பதே அதன் முக்கிய வாதங்களுள் ஒன்று. உழுபவனை நோக்கிய உரையன்று அது. அதன் தேசப்பற்று பொய்யென்பதன்று நமது கருத்து. அது ஒரு வர்க்கத்தின் மொழியிற் பேசிற்று என்பதே.

இதனினும் நுட்பமானது அடிமைகள் பற்றிய செய்தி. அரியணையைக் கைப்பற்றுமாறு தந்தை இறக்குந் தறுவாயில் கேட்டுக்கொண்டதை, ஹுங் தாவ் தம் அடிமைகளான யெத் கியூ, யா துவோங் ஆகியோரிடம் கூறி அவர்தம் கருத்தை வினவினாராம். விசுவாசமற்ற அதிகாரிகளாவதிலும் அடிமைகளாகவே முதுமையெய்திச் சாதல் மேலென்று அவர்கள் விடையிறுத்தனராம். 1479இல் நிறைவுற்ற அரச வரலாற்றேடு இதனைப் பெருமையுடன் பதிவுசெய்கின்றது. அடிமையின் வாயாலேயே அடிமைமைக்குச் சான்று பெறுவது நிலமானிய வரலாற்றெழுத்தின் பழகிய உத்தி.

ஆயின் ஆலயத்துக்கு வந்த மக்கள் வேறொரு வீரனைப் படைத்துக்கொண்டனர். அவராற் சிரங்கொய்யப்பட்ட பாம் ஞான் எனும் மந்திரவாதியின் ஆவி பெண்களுக்கு நோய் செய்வதாகவும், ஆலயத்துப் பழம் பாயிற் படுத்தால் அது நீங்குமெனவும் நம்பிக்கை நிலவிற்று. உருவேறி ஆடுவோர் கன்னத்தில் அலகு குத்தி நோய் தீர்த்தனர். பேற்று வேதனையும் பேற்று மரணமும் வீடுதோறும் இருந்த சமூகத்தில் போர்த்தளபதி மருத்துவராகியமை வியப்பன்று. இதனை 'மூடநம்பிக்கை' என ஒதுக்கிவிட்டுத் தேசப்பற்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் முற்போக்கு ஆய்வு, மக்களின் தேவையையே ஒதுக்கிவிடுகின்றது. நம் தோழர்கள் சிலருக்கும் இது பொருந்தும்.

அரசுகளும் தத்தமக்கேற்ற வீரனைத் தெரிந்தெடுத்தன. தென்வியட்நாமியக் கடற்படை அவரைத் தன் காவற்றெய்வமாகக் கொண்டது. சைகோன் ஆற்றங்கரையில் 1967இல் அவருக்குச் சிலை எழுந்தது. அதே வேளையில் வடக்கு அவரையே அந்நியரை எதிர்த்த மக்களின் முன்னோடியாகப் போற்றி, உருவாடுதலை ஒடுக்கிற்று. 1986இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பின் அது மீண்டும் தலைதூக்கியது. இன்று ஆற்றில் படகணி வகுப்பும் கரையில் உருவாடலும் ஒரே விழாவின் இரு பகுதிகள். 2025இல் இவ்வாலயத் தொகுதி உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மக்களின் வலிமையைத் தளர்வுற விடாது பேணுக என்பது அரசனுக்கு அவர் கூறிய இறுதி அறிவுரைகளுள் ஒன்று. திரான் அரசு அதனைப் பேணவில்லை. 1344இல் அதே கீழைப் பிரதேசத்தில் ங்கோ பெ என்பவரின் தலைமையில் வறியோர் கிளர்ந்தெழுந்தனர். 1360இலேயே அவர்கள் முற்றாக அடக்கப்பட்டனர். யெத் கியூவுக்கோ, கியா லோக் பகுதியில் குவாத் என்னும் தனி ஆலயம் உண்டு. அங்கு இன்றும் படகோட்டப் போட்டி நடைபெறுகின்றது.